மலேசியா அக்காவின் கைராசி

மலேசியாவில், ஈப்போ காலைச் சந்தையில் கறிபாப் விற்கிறவள் நான்; உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரிக்கிற பலகாரம் அது. என் கைப்பக்குவத்தைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். கைராசியைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. சொல்லப்போனால், நான் நம்பர் எடுத்துக்கொடுத்து யாருக்கும் லாட்டரியில் ஒரு ரிங்கிட் வெள்ளிகூட விழுந்தது கிடையாது. அப்பேர்ப்பட்டவளைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர் ஊராகக் கூப்பிட்டு, "உங்க கையால போணி பண்ணிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள் என்றால், என் மகனே நம்ப மாட்டேன் என்கிறான்.

நான் போன காரியம் வேறு. எங்கள் கோயில் மகளிர் குழு தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து விற்றதில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. சொந்தமாகத் தொழில் தொடங்குகிற பெண்களுக்குக் கைகொடுக்கலாம் என்று பேசி, அறந்தாங்கியில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிஷா என்ற பெண்ணுக்கு அனுப்பினோம். அதில் மூன்று பேருக்குத் தொழில் அமைந்தது. ஒருத்திக்குக் கூழ் வண்டி, ஒருத்திக்குச் சித்தன்னவாசலில் தின்பண்டக் கடை, இன்னொருத்திக்குப் பொன்னமராவதிப் பக்கம் மாவு மில். மில் திறப்புக்கு யாராவது நேரில் போய்வர வேண்டும் என்றபோது, எல்லோருக்கும் பேரப்பிள்ளை, முட்டிவலி, கல்யாணம் என்று ஏதாவது இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் படுக்கையில் இருந்தபோதே, "நான் போனாலும் பொட்டை எடுக்காதே, உன் மூஞ்சிக்கு அது இல்லாட்டி நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டார். அழகைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு அதுதான். அதனால் பொட்டு வைக்கிறேன், கிடைத்தால் பூவும் வைக்கிறேன். கழுத்தில் கனமாக ஒரு சங்கிலி இருக்கிறது. ஈப்போ சந்தையில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கறிபாப் சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

புதுக்கோட்டையில் இறங்கிய அன்றே எனக்கு ஒரு மரியாதை நடந்தது. டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் பணத்தை நீட்டினேன். அவர் வாங்காமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"லேடீஸுக்குக் காசு இல்லம்மா."

"நான் மலேசியாவுலேர்ந்து வர்றேன்."

"எங்கிட்டு இருந்து வந்தா என்ன, பொம்பளதான நீங்க?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

எங்கள் ஊரில் பெண்ணாகப் பிறந்ததற்காக ஒரு பஸ்காரரும் என்னிடம் காசு வாங்காமல் இருந்ததில்லை. அந்த டிக்கெட்டைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அறந்தாங்கியில் நிஷாவின் வீட்டில்தான் தங்கினேன். முப்பத்தைந்து வயசிருக்கும். புருஷன் குவைத்தில். அந்தத் தெருவில் ஆண் குரல் கேட்கிறதென்றால் பெரும்பாலும் அது செல்போனுக்குள்ளிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருத்தி போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கேஸ் தீர்ந்தது முதல் பிள்ளையின் மார்க் வரை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நிஷாவுக்கு அந்தத் தெரு போதவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றுகிறாள். யாருக்கு என்ன தொழில் ஒத்துவரும், எங்கே மிஷின் மலிவு, எந்த ஊரில் எந்தக் கடை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருக்கிறது.

மறுநாள் காலையில் நிஷாவின் மாமியார் வந்து, "பசியாற வாங்க" என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் ஈப்போவில் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்கிற வார்த்தை அது. தமிழ்நாட்டில் எல்லோரும் டிஃபன் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இடியாப்பம், தேங்காய்ப்பால், மேலே ஒரு கரண்டி ஆட்டுக்கால் பாயா. பசியாறினேன் என்பது சின்ன வார்த்தை. மாமியார் இன்னும் ரெண்டு வைத்தபோது மறுக்க மனசு வரவில்லை.

அன்றைக்குக் காளியம்மாவின் கூழ் வண்டியைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. ஸ்கூட்டர் டயரில் முள் குத்தியிருந்ததால் பஸ்ஸில் போனோம். புதுக்கோட்டை போகிற சாலையில் ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டார்கள். நாங்கள் இறங்கினோம், ஆனால் பஸ் கிளம்பவில்லை. டிரைவர் ரெண்டு தடவை சாவியைத் திருகிப் பார்த்தார். இருமுகிற சத்தம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

காளியம்மா வண்டியை அப்போதுதான் துடைத்து முடித்திருந்தாள். புது வண்டி, பக்கத்தில் பச்சைப் பெயிண்டில் 'கம்மங்கூழ்' என்று எழுதியிருந்தது. நாலு நாளாகக் கடை போட்டும் பாதிப் பானை மிஞ்சுகிறதாம். முகம் வாடிப்போயிருந்தது. தாகத்தில் நான், "ஒரு சொம்பு கொடும்மா" என்றேன். மோர் விட்டுக் கரைத்த கூழ், பக்கத்துத் தட்டில் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அது தொண்டையில் இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் வெயிலுக்குக் குடிக்கிற தேங்காய்ப்பால் செண்டோலை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

காசை நீட்டியபோது காளியம்மா வாங்க மறுத்தாள். "விருந்தாளி கிட்டயா காசு வாங்குவேன்?" என்றாள். நானும் கடைக்காரிதானே. "முதல் வியாபாரத்தைச் சும்மா கொடுக்காதேம்மா, இதைப் போணின்னு வாங்கிக்கோ" என்று அவள் கையில் திணித்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குள் கண்டக்டர் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டிருந்தார். வேறு பஸ் வர நேரமாகுமாம். பஸ் நிறையக் கூட்டம், சுற்றுவட்டாரத்தில் நிழல் என்றால் அந்த ஒரு புளியமரம்தான். முதலில் ஒரு தாத்தா வந்தார், அப்புறம் காலேஜ் பிள்ளைகள், அப்புறம் டிரைவரே வந்துவிட்டார். நானும் நிஷாவும் சொம்பு கழுவிக் கொடுத்தோம். வேறு பஸ் வந்து நின்றபோது பானையில் கரண்டி அடிதட்டியது. காளியம்மா பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். எங்களை ஒரு தரம் பார்த்தாள், என் கையை ஒரு தரம் பார்த்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு ராசியான கை" என்றாள்.

"ராசி என் கையில இல்லம்மா, அந்த பஸ் இன்ஜின்ல இருக்கு" என்றேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போதே போனை எடுத்து நிஷாவின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டுவிட்டாள். மலேசியாவிலிருந்து ஒரு அக்கா வந்திருக்கிறாள், போணி பண்ணினாள், பானை காலி.

மறுநாள் சித்தன்னவாசல். குகைக்குள் கூரையில் தாமரைக் குளம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். மீன், வாத்து, யானை, பூப்பறிக்கிற ஆள் எல்லாம் அண்ணாந்து பார்த்தால் தெரியும் என்று நிஷா சொல்லியிருந்தாள். படியேறப் போன என்னை அடிவாரத்திலேயே மறித்தாள் தின்பண்டக் கடைக்காரி. அவித்த கடலையும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறாள். நான் வரும்வரை ஒரு பொட்டலம்கூட விற்காமல் தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்திருந்தாள்.

"வந்தவுககிட்டயெல்லாம் செத்த பொறுங்கன்னு சொல்லிட்டேன். நீங்க மொதல்ல வாங்குங்கக்கா."

வாங்கினேன். என் நேரம், நான் கடலையை உரித்து வாயில் போடுவதற்குள் ரெண்டு காலேஜ் பஸ் வந்து நின்றது. சனிக்கிழமை அங்கே காலேஜ் பஸ் வருவது ஒன்றும் அதிசயமில்லை என்று காவலாளியே சொன்னார். அவர் சொல்வதை யார் கேட்கிறார்கள்? கடைக்காரி என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். தாமரைக் குளத்தை நான் பார்க்கப் போனபோது நேரமாகிவிட்டது. அவசரமாக ஒரு யானையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினேன்.

உண்மையைச் சொன்னால், அதற்குள் எனக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. சந்தையில் எத்தனையோ வருஷம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற கை, திடீரென்று இப்படிப் பெயர் எடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அடுத்த நாலு நாளும் நிஷாவோடு ஊர் ஊராகப் போனேன். அழகு நிலையம், தையல் கடை, முட்டைக் கடை. எங்கே போனாலும் முதலில் ஒன்றை என்னிடம் விற்றுவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்கள். என் பெட்டியில் ஜாக்கெட் பிட்டும் ஊக்கும் சாந்துப் பொட்டும் சேர்ந்தன. முட்டையை நிஷாவின் மாமியார் வாங்கிக்கொண்டார்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஒருநாள் நிஷாவிடம் கேட்டேன். "ஏம்மா, என் வீட்டுக்காரர் இல்லைங்கிறது இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"தெரிஞ்சா?"

ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எங்க வீடுகள்ல இந்தக் கணக்குக் கெடையாது. பிஸ்மி சொல்லி யாரு வேணா ஆரம்பிக்கலாம். ஆனா இவுக ஊருகள்ல அப்படி இல்லக்கா. கூப்பிட மாட்டாக. யாவாரம் நல்லா நடக்குதுல்ல, விட்டுருங்க."

விட்டுவிட்டேன். ஆட்டு மந்தை கடந்துபோகக் கொஞ்ச நேரம் ஆனது.

வியாழக்கிழமை, தூரம் என்பதால் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, பஸ்ஸில் பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மில் வைக்கப்போகிற செல்வி வாசலிலேயே காத்திருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் ரெண்டு நாள் வந்தால் அதிகம். மகளை ஊரில் தன் அக்கா பாக்கியத்திடம் விட்டுவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். "இந்தத் தடவ வந்தப்ப எம் மக என்னையச் சித்தின்னு கூப்புட்டுட்டாக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அதோடு கம்பெனிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்து வந்திருக்கிறாள். ஆனால் மில் ஓடவில்லை என்றால் வேறு வழியில்லை. கம்பெனி சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, "எப்ப வர்ற? எடம் ரொம்ப நாளைக்குச் சும்மா இருக்காது" என்கிறாராம்.

மில்லைச் சுற்றிக் காட்டியது பாக்கியம்தான். தகரக் கொட்டகைக்கு வெள்ளையடித்தது அவள். மிஷின் மாட்ட வந்த மெக்கானிக்கின் பின்னாலேயே நின்று, பெல்ட் நழுவினால் என்ன செய்வது, சல்லடை எப்போது மாற்றுவது என்று கேட்டுக்கொண்டவளும் அவள்தான். ஒரே மிஷின் என்பதால் காலையில் அரிசி, மதியம் கேப்பை, கோதுமை, மிளகாயும் மல்லியும் கடைசியில் என்று முறை வைத்திருந்தார்கள். முந்தின ஆள் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தால் அடுத்தவள் புட்டு மாவு என்ன கதியாகும்! நான் ஊருக்கு எடுத்துப்போக வாங்கிவைத்திருந்த மிளகாய், மல்லிப் பையைக் கொடுத்தேன். பாக்கியம் அதை வாங்கி மூலையில் வைத்து, "நாளைக்குச் சாயங்காலம்தான், மலேசியாவுக்கே போனாலும் முறை முறைதான்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நாளைக்குப் போணி நேரத்துல நான் முன்னாடி வர மாட்டேங்க்கா. நீங்க ஒன்னும் தப்பா நெனச்சுக்காதீக. எனக்கு அவுக போயி ரொம்ப வருசமாச்சு. புதுசா ஒன்னு ஆரம்பிக்கிறப்ப நான் எதுக்க வந்தா நல்லாருக்காது. நீங்க பூவும் பொட்டுமா வந்து நின்னு ஒங்க கையால போட்டா, எந் தங்கச்சி பொழச்சுக்குவா. அது போதும் எனக்கு."

தண்ணீர் குடித்தேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. இன்னும் ஒரு துண்டு கருவாடு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் மிஷினை ஓட்டிவிட வேண்டும். முந்தின நாள் இரவு நானும் நிஷாவும் பொன்னமராவதி டவுனில் அவள் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தோம். காலையில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். அது வழியில் ஒவ்வொரு வாசலாக நின்று ஆள் ஏற்றியது. கடைசியில் என் மடியில் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. சேவலின் சொந்தக்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டு வந்தார். நாங்கள் போய் இறங்கியபோது பத்து மணி தாண்டிவிட்டது. என் புடவையில் சேவல் விட்டுச்சென்ற அடையாளத்தை நிஷா துடைத்துவிட்டாள்.

கொட்டகை வாசலில் மாவிலைத் தோரணம். பெண்கள் அரிசிப் பேசின்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்த பெண்ணின் வீட்டில் மகளுக்குச் சடங்கு. அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதத்தோடு கொண்டுவந்திருந்தாள். அதை உடனே அரைத்தால்தான் உண்டு. அரிசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மலேசியா அக்கா வந்துட்டாக, ஆரம்பிங்கப்பா, காஞ்சுபோகுது" என்று சத்தம் போட்டாள்.

செல்வி ஒரு தாம்பாளத்தில் அரிசியை நிரப்பி என் கையில் கொடுத்தாள். மிஷினின் வாய்க்கு முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. எங்கே பாக்கியம் என்று பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால், பூவரச மரத்துக்கு அந்தப் பக்கம், சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றாள். முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள். இங்கே நடப்பதைப் பார்க்கிற மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

என்னால் அந்த அரிசியைப் போட முடியவில்லை.

"பாக்கியத்தையும் கூப்பிடும்மா" என்றேன்.

செல்வி என்னைப் புரியாமல் பார்த்தாள். வரிசையில் இருந்த பெரியம்மா ஒருத்தி முந்திக்கொண்டார். "அவ இப்ப எதுக்கு? போணி முடியட்டும், பொறவு வரட்டும்."

"அப்படின்னா நானும் பொறவுதான் வரணும்" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடைய குரல் போலவோ கேட்டது. "என் வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம் ஆச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க எல்லாம் ஆசையா கூப்பிட்டீங்க, எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு, சொல்லாம இருந்துட்டேன்."

எல்லோரும் என் பொட்டையும் பூவையும் பார்த்தார்கள். சூடம் அணைந்துபோனது. பெரியம்மா தன் பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி எழலாமா என்று யோசிப்பது தெரிந்தது. செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஐயோ, பெரிய நியாயவாதி மாதிரி வாயைத் திறந்து இந்தப் பெண்ணைத் திருப்பூருக்கு வண்டி ஏற்றிவிட்டேனே என்று எனக்கு உள்ளுக்குள் பதறியது. நிஷா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதிரச அரிசிக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அங்கிட்டுக் காளியம்மா கூழு வித்தது?"

அரிசியை ஒரு தடவை கிளறிவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"சித்தன்னவாசல்ல கடல வித்தது? அதெல்லாம் இந்தக் கைதான? அன்னிக்கு மட்டும் இவுக வீட்டுக்காரரு உசுரோடவா இருந்தாரு? என்னமோ பேசிக்கிட்டு நிக்கிறீக, இங்கன என் அரிசி காயுது!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். எழலாமா என்று யோசித்தவள் நன்றாகவே உட்கார்ந்துகொண்டாள்.

செல்வி என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கினாள். திரும்பக் கேட்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு நேராகப் பூவரச மரத்துக்குப் போனாள்.

"நீ போடுக்கா."

"வேணாம்டி. வெளையாடாத. என்னால ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருச்சுன்னா?"

"என்ன ஆகும்? மில்லு ஓடாது, நான் திருப்பூருக்குப் போவேன். அப்பவும் எம் மகள வளக்கப்போறது யாரு? நீதான? எம் புள்ளைய வளக்குறதுக்கு ஒங் கை ஆகும், இந்த அரிசியப் போட ஆகாதா?"

பாக்கியம் அழுதுவிட்டாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. செல்வி அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். மிஷின் முன்னால் வந்து நின்றதும், பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெல்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம்தான் சுவிட்சைப் போட்டாள். கொட்டகையே அதிர்ந்தது. தாம்பாளத்தைத் தூக்கினாள், சாமியை நினைத்துக்கொண்டு அரிசியை உள்ளே சரித்தாள். துணிக்குழாய் உப்பியது, கீழே டின்னில் வெள்ளையாக மாவு விழ ஆரம்பித்தது.

அதிரச அரிசிக்காரி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து ரெண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். "நைசா இருக்கு" என்றாள். "அடுத்தது என்னுது, தள்ளுங்க."

பேசினைத் தூக்கிக்கொண்டு எழுந்த பெரியம்மா போயே போய்விட்டார். அதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் சாயங்காலம் மிளகாய் முறை வந்தபோது, ஒரு பை வற்றலோடு வந்து வரிசையில் நின்றார். போணியெல்லாம் முடிந்த பிறகுதானே வந்தேன் என்பது அவர் கணக்காக இருக்கலாம். பாக்கியம் ஒன்றும் கேட்காமல் அரைத்துக் கொடுத்தாள். அவருக்கு அடுத்தது என்னுடைய பை. தும்மித் தும்மி என் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. காலையில் அழுததற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது என்று நிஷா கேலி செய்தாள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் அறந்தாங்கியில் நிஷாவின் மாமியார் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தை ஒரு டப்பா நிறையக் கொடுத்து அனுப்பினார். விமான நிலையத்தில் அதை என்னவென்று அதிகாரிக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டவுன் பஸ் டிக்கெட் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. அரைத்துக்கொண்டு வந்த மசாலாவில் இப்போது கறிபாப் போடுகிறேன். வாடிக்கைக்காரர்கள் என்ன மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள்.

போன வாரம் சந்தையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது நிஷா போன் செய்தாள். மில் நன்றாக ஓடுகிறதாம். சூப்பர்வைசர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். செல்வியின் மகள் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாளாம், கோபம் வந்தால் மட்டும் சித்தி என்கிறாளாம். சிரித்து முடித்ததும், காரையூரில் ஒரு பெண் புதிதாகப் பாத்திரக் கடை திறக்கிறாள் என்றாள்.

"போணிக்கு நான் வரணுமாக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் ஆசையாகத்தான் கேட்டேன்.

"ஒங்களக் கேக்கலக்கா" என்றாள் நிஷா. "மில்லு பாக்கியத்தக் கூட்டிட்டு வரச் சொல்றா. அதிரச வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கா, பாக்கியம் கையால போட்ட மில்லு ஒருநாள் சும்மா நிக்கலன்னு. இந்தா, அவுககிட்டயே பேசுங்க."

போன் கை மாறியது. பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். பாக்கியம் அதற்கு மேலே கத்திப் பேசினாள்.

"அக்கா, நல்லாருக்கீகளா? நாளைக்குப் பாத்திரக் கடையாம். அடுத்த வாரம் எங்கிட்டோ கோழிக் கடையாம், வந்துதான் ஆகணுங்கறாளுக. இங்கன மில்லுல வேல கெடக்கு. என்னைய எங்க விடுறாளுக, அக்கா!"

அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி சலித்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கே யாரோ வந்துவிட்டார்கள். "முன்னாடி என்ன அரைச்சீக?" என்று ஒரு குரல் கேட்பதும், "அரிசிதான், தைரியமா போடு" என்று பாக்கியம் சொல்வதும் காதில் விழுந்தது. போனை வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நானும் வைக்கவில்லை. எண்ணெய் புகைய ஆரம்பிக்கும் வரை அந்த மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.